திருமலையில் எதுவும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை

தஞ்சாவூரிலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார்: “வரும் டிசம்பரில் மூன்று நாள் திருகோணமலையில் தங்கப் போகிறேன். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, புறாமலை ஆகியவை பட்டியலில் இருக்கின்றன. ஆனால் எந்த ஊருக்குப் போனாலும், தேடிப்போய்ப் பார்த்ததைவிடத் தற்செயலாகக் கண்ணில் பட்டதுதான் பிறகு எனக்கு நினைவில் நிற்கிறது. உங்கள் ஊரில் அப்படி என்ன இருக்கிறது?”

நான் இந்த ஊரில் பிறந்தவன். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்தவன். ஆகவே பதில் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள், தம்பி.

முதலில் டிசம்பரை மாற்றுங்கள். உங்கள் டெல்டாவை நனைக்கும் வடகீழ்ப் பருவமழைதான் எங்களையும் நனைக்கிறது. ஐப்பசி தொடங்கித் தை வரை கடல் கலங்கிக் கிடக்கும். புறாமலை ஒரு தீவு; அங்கே போகப் படகு கிடைப்பது அரிது. கொழும்பில் இருப்பவர்கள் டிசம்பர்தான் நல்ல சீசன் என்று அடித்துச் சொல்வார்கள். அது தென்மேற்குக் கரையில் உள்ள காலி, ஹிக்கடுவை ஆகிய ஊர்களின் பக்கத்துக்குப் பொருந்தும். எங்கள் கடல் குளத்தைப் போல அடங்கிக் கிடப்பது சித்திரைக்குப் பிறகுதான், புரட்டாதி வரை. டிசம்பர் என்றதும் இங்கே வயதானவர்களுக்கு வேறொரு நினைவும் வரும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது உங்களுக்குத் தெரியும். அந்தப் புயல் அங்கே போவதற்கு முன் எங்கள் கரையில் ஏறி, ஊரைப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் போனது. நீங்கள் அதைத் தனுஷ்கோடிப் புயல் என்கிறீர்கள். நாங்கள் அறுபத்துநாலாம் ஆண்டுச் சூறாவளி என்கிறோம். இரண்டும் ஒன்று என்பது என் மாணவர்கள் பலருக்கு நான் சொல்லும் வரை தெரியாது.

மொழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்தானே என்று கவலையில்லாமல் வருவீர்கள். கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தில் இரவு வண்டிக்கு நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர் “திருமலைக்கா?” என்பார். திருப்பதியை நினைத்துக்கொள்ளாதீர்கள், எங்களுக்குத் திருமலை என்றால் இந்த ஊர்தான். தங்கும் வீட்டு அம்மாவிடம் “உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்” என்று சொல்லாதீர்கள். எங்கள் வீடுகளில் ‘பேசுவது’ என்றால் திட்டுவது. “அப்பா பேசுவார்” என்று பிள்ளை சொன்னால் அடுத்தது அழுகை. உரையாடுவதற்கு எங்கள் சொல் ‘கதைப்பது’. ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வந்து முகத்தைச் சுடும் காற்றின் பெயர் கச்சான். கோயிலடியில் பொட்டலம் கட்டி விற்கும் வறுத்த வேர்க்கடலையின் பெயரும் கச்சான். “பாதை இன்னும் வரவில்லை” என்று ஒருவர் ஆற்றங்கரையில் நின்று சொன்னால் அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் மிதவைக்கு இங்கே பாதை என்று பெயர்.

இன்னும் சில சொற்கள் காதில் விழும். ரொட்டிக்கு பாண், காலணிக்குச் சப்பாத்து, பெஞ்சுக்கு வாங்கு, பொரிக்கும் சட்டிக்குத் தாச்சி. எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. அவர்கள் கொண்டுவந்ததைக் கேட்டாயிற்று; எடுத்ததைப் பார்க்கக் கோட்டை வாசலுக்கு வாருங்கள்.

கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லோரும் அந்த வாசலைக் கடந்துதான் போகிறார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் முச்சக்கர வண்டியில் உட்கார்ந்தபடியே கடக்கிறார்கள். அதுதான் எனக்கு ஆற்றாமை. வாசலில் இறங்கி நடங்கள். கதவுநிலைப் பக்கத்துக் கல்லில் இரட்டை மீன் செதுக்கியிருப்பதைத் தேடிப் பாருங்கள். அது பாண்டியர் சின்னம். பக்கத்தில் தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். முன்னொரு காலத்தில் குளக்கோட்டன் என்ற அரசன் செய்த திருப்பணியைப் பின்னொரு காலத்தில் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்று தொடங்கும் பாட்டின் துண்டு அது. முழுப் பாட்டையும் எங்கள் ஊரில் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஓர் ஐரோப்பியக் கோட்டையின் வாசலில் இதற்கு என்ன வேலை என்று கேட்டால் விடை சுவரிலேயே இருக்கிறது. 1620-களில் கொன்ஸ்தாந்தீனு த சா என்ற போர்த்துக்கேயத் தளபதி மலைமேல் இருந்த பெருங்கோயிலை இடித்து, அந்தக் கல்லாலேயே இந்தக் கோட்டையைக் கட்டினான். பிறகு ஒல்லாந்தர், நீங்கள் டச்சுக்காரர் என்பவர்கள், அதைத் திருத்திக் கட்டினார்கள். 1795-இல் ஆங்கிலேயர் பிடித்து, 1803-இல் தங்கள் இளவரசர் ஒருவரின் பெயரை வைத்து பிரெட்றிக் கோட்டை ஆக்கினார்கள். கோயிலைத் தேடுகிறவன் முதலில் கோட்டைச் சுவரைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். இந்த ஊரில் ஒரு பொருளும் அது இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதில்லை. அதைப் புரிந்துகொண்டால் உங்கள் மூன்று நாளும் வீணாகாது.

உள்ளே போனதும் புள்ளிமான்கள். வேலி கிடையாது, கூண்டு கிடையாது. ஆலமர நிழலில் ஆடுகளைப் போலப் படுத்திருக்கும். இரவில் கடைத்தெருப் பக்கமும் வந்து காய்கறிக் கழிவைத் தின்னும். பிஸ்கட் பொட்டலத்தை மட்டும் அவற்றின் முன் போடாதீர்கள். பிளாஸ்டிக்கையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றன. கோட்டைக்குள் இன்றும் இராணுவ முகாம் இருக்கிறது. எதைப் படம் எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று காவலுக்கு நிற்பவரிடம் கேட்டுவிட்டுக் கைப்பேசியை வெளியே எடுங்கள். வழியில் ஒரு பழைய வீட்டைக் காட்டுவார்கள். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த ஆர்தர் வெல்லெஸ்லி 1800-ஆம் ஆண்டின் இறுதியில் படையோடு இங்கே வந்து தங்கியிருந்தார். நின்று பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

மலைமேல் இப்போது நீங்கள் வணங்கப் போகும் கோயில் புதியது. 1963-இல் குடமுழுக்கு நடந்தது. ஆனால் உள்ளே இருப்பவை புதியவை அல்ல. அவை வந்த வழிகள் விசித்திரமானவை. 1950-இல் கோட்டைக்கு அருகே கிணறு தோண்டியவர்களின் மண்வெட்டி உலோகத்தில் பட்டது. மண்ணை விலக்கினால் சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன், பிள்ளையார் என்று செப்புத் திருமேனிகள். இடிக்க வந்தவர்களுக்கு எட்டாதபடி யாரோ புதைத்துவைத்து, எடுக்க வராமலே போயிருக்கிறார்கள். ஆறு வருடம் கழித்து, 1956-இல், அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மீன் பார்க்க மலையடிக் கடலில் மூழ்கினார்கள். பார்த்தது மீனை மட்டும் அல்ல. செதுக்கிய தூண்களும் படிகளும் கடலடியில் கிடந்தன. அங்கிருந்து எடுத்த லிங்கம் மேலே கொண்டுவரப்பட்டது. விண்வெளியைப் பற்றி எழுதிப் பேர் வாங்கிய மனிதர் எங்கள் ஊரில் கண்டது கடலுக்கு அடியில். இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போது கடைசி வாங்கில் இருப்பவனும் நிமிர்ந்து உட்காருவான்.

கோயிலுக்குப் பின்னால், இராவணன் வெட்டு என்று சொல்லும் பிளவின் பக்கம் நின்று கீழே பாருங்கள். பிள்ளை வேண்டிக் கட்டிய சின்னத் தொட்டில்கள் மரத்தில் ஆடும். அதற்கு அப்பால் செங்குத்தான பாறை, அதற்கும் கீழே கரிய நீல நீர். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் இந்தத் தலத்தைப் பாடினார். அவர் கடலைக் கடந்து வரவில்லை, அக்கரையில் நின்றே பாடினார் என்பது மரபு. வராமலே ‘குரைகடல்’ என்ற சொல்லை எப்படிப் பிடித்தார் என்று அங்கே நிற்கும்போது நினைத்துக்கொள்வேன். அந்த நீரின் நிறத்துக்கும் காரணம் உண்டு. பெரிய ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று வெளிக்கடலிலிருந்து எங்கள் துறைமுகத்தின் வாய் வரை வருகிறது. கரைக்கு இவ்வளவு அருகே இவ்வளவு ஆழம் இருப்பதால் நீலத்திமிங்கிலங்கள் இந்தப் பக்கம் வருகின்றன. பங்குனியிலிருந்து ஆவணி வரையான மாதங்களில் காலை வேளையில் தூரத்தில் வெள்ளைப் புகை போல ஒன்று எழுந்து அடங்கினால் அது படகுப் புகை என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள். உலகத்தின் மிகப் பெரிய விலங்கைக் கோயில் மதிலருகே செருப்பில்லாமல் நின்று பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் கடவுளைக் கும்பிட வந்து கடலைக் கும்பிட்டுவிட்டுப் போனேன்.

அதே பாறையில் ஒரு தூண் நிற்கிறது. காதலன் கைவிட்டதால் ஒல்லாந்துப் பெண் ஒருத்தி இங்கிருந்து குதித்தாள் என்று வழிகாட்டிகள் உருக்கமாகச் சொல்வார்கள். தூணில் வெட்டியிருப்பது பிரான்சினா வான் ரேட் என்ற பெயரும் 1687 என்ற ஆண்டும். குதித்தாள் என்று அதில் ஓர் எழுத்தும் இல்லை. எனக்கு அந்தக் காதல் கதையைவிடத் தூண் முக்கியம். அது இடிபட்ட கோயிலின் தூண் என்றே கருதுகிறார்கள்.

கோணேசரைப் பற்றிய கடைசிச் செய்தி ஒன்று. இடிபாட்டின்போது காப்பாற்றிக் கொண்டுபோன மூர்த்திகளைப் பிற்காலத்தில் தம்பலகாமத்து வயல்வெளிக்கு நடுவே வைத்துக் கோயில் எழுப்பினார்கள். ஆதி கோணநாயகர் கோயில் என்று பெயர். மலைமேல் கூட்டம் நெரிக்கும் நாள்களிலும் அங்கே காற்றும் கொக்கும்தான் துணை. ஒரு பின்னேரம் போய் வரலாம்.

நகரத்துக்குள் இன்னொரு இடம் இருக்கிறது. பழைய ஆங்கிலேயக் கல்லறைத் தோட்டம், புனித ஸ்தேவான் மயானம் என்பார்கள். பக்கத்தில் பந்து விளையாடும் பையன்களுக்கு அது பந்து விழுகிற இடம், அவ்வளவுதான். அங்கே சார்ல்ஸ் ஆஸ்டின் என்ற கடற்படை அதிகாரி புதைக்கப்பட்டிருக்கிறார். 1852-இல் பர்மாவில் ஆங்கிலேயர் நடத்திய போரின்போது ஐராவதி ஆற்றில், கப்பலிலேயே, காலராவில் இறந்தார். கடற்படைத் தளம் இங்கே இருந்தது. உடல் இங்கே வந்தது. அவர் ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி. சிற்றூர் வரவேற்பறைகளையும் கலியாணப் பேச்சுகளையும் எழுதிய அந்த அம்மையாரின் கடைக்குட்டித் தம்பி வேப்பமரக் காற்றில் திருமலை மண்ணில் கிடக்கிறார். இலக்கியம் படித்த வெளிநாட்டுக்காரர்கள் எப்போதாவது தேடிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு வழி காட்டிய பிறகுதான் நானே முதல்தடவை உள்ளே போனேன் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். நிலாவெளி வீதியில் இருக்கும் போர்வீரர் மயானம் வேறு. அது இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்கானது. புல்லைக்கூடச் சீவி வைத்திருப்பார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால், பராமரிக்க ஆள் உள்ள சாவுக்கும் இல்லாத சாவுக்கும் வேறுபாடு தெரியும்.

போர்த்துக்கேயர் என்று சொன்னேன் அல்லவா? அவர்கள் போய் முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகிறது; அவர்களுடைய மொழி போகவில்லை. பாலையூற்றுப் பக்கம் அவர்கள் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் வாழ்கின்றன. பரம்பரையாகத் தச்சு, கொல்லு, இயந்திரத் திருத்த வேலைகளில் கெட்டிக்காரர்கள். வெளியே எங்களைப் போலவே திருமலைத் தமிழ் கதைப்பார்கள். வீட்டுக்குள், அதுவும் முதியவர்கள் இருக்கும் வீட்டில், வேறொரு மொழி கேட்கும். போர்த்துக்கேயமும் இந்த மண்ணின் மொழிகளும் கலந்து உருவான கிரியோல் அது. இலங்கையில் மட்டக்களப்பிலும் இங்கேயும்தான் இன்னும் பேசும் மொழியாக உயிரோடு இருக்கிறது. கலியாண வீட்டில் வயலினும் கையுமாகக் கப்ரிஞ்ஞா இசைத்து ஆடுவார்கள். எங்கள் வீட்டு அலுமாரி செய்த தச்சர் ஒருநாள் தன் மகனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. “என்ன பாஷை?” என்றேன். “எங்கட பாஷை, சேர்” என்றார். பத்து வருடம் பழகியவர். கேட்காமல் இருந்தது என் பிழை. ஆனால் ஒன்று: இதற்காக ஒரு குடியிருப்புக்குள் கமெராவோடு போய் “கொஞ்சம் போர்த்துக்கேயம் கதையுங்கள்” என்று கேட்காதீர்கள். வண்டி திருத்தப் போன இடத்தில் காதில் விழுந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

இப்போது தஞ்சாவூர்க்காரரான உங்களுக்காகவே வைத்திருந்த இடத்துக்கு வருகிறேன்.

அநுராதபுர வீதியில் போனால் கன்னியா. ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறுபடும். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கினான் என்பது கதை; இன்றும் எங்கள் ஆட்கள் இறந்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைகளுக்கு அங்கே போகிறார்கள். பெரிய குளத்தில் இறங்கிக் குளிக்கலாம் என்று கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். இலங்கையில் எரிமலை கிடையாது. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, வேறொரு பிளவின் வழியே மேலே வருகிறது. விடிகாலையில் போனால் நீரும் இதமாக இருக்கும், கூட்டமும் இருக்காது. பத்து மணிக்கு மேல் போனால் இரண்டும் எதிர்மாறு.

எல்லோரும் கன்னியாவோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திரும்பாதீர்கள். இன்னும் சில கிலோமீட்டர் உள்ளே, பெரியகுளத்துக்குப் பக்கத்தில், காட்டுக்குள் வெல்கம் விகாரை என்ற பௌத்த இடிபாடு இருக்கிறது. தமிழர்கள் அதை நாதனார் கோயில் என்றும் அழைத்தார்கள். முதல் பார்வைக்கு அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் பார்த்தவற்றைப் போலத்தான்: செங்கல் தாதுகோபம், நிற்கும் புத்தர், கல் தூண்கள். கல்வெட்டுகளின் பக்கம் போங்கள். தமிழ். பதினோராம் நூற்றாண்டுத் தமிழ். நந்தா விளக்கு எரிக்கப் பசுவும் காசும் கொடுத்த செய்திகள், உங்கள் ஊர்க் கோயில் சுவரில் படித்துப் பழகிய அதே நடையில். கொடுத்தவர்கள் தமிழர். கொடுத்தது புத்தருக்கு. இடத்தின் பெயர் இராசராசப் பெரும்பள்ளி.

உங்கள் இராசராசன்தான். பெருவுடையார் கோயிலைக் கட்டியவன். அவனுடைய படை வந்தபோது அநுராதபுரத்தில் எத்தனையோ விகாரைகள் அழிந்தன என்று நாங்கள் படித்திருக்கிறோம். இந்த ஒன்று அழியவில்லை. அவன் பெயரையே தாங்கி வளர்ந்தது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தவன் அவன் என்பதை நினைத்துப் பார்த்தால் இது அவ்வளவு வியப்பும் இல்லை. படிமக்கூடத்தின் அடித்தளத்தைச் சுற்றி வந்து பாருங்கள். அந்தக் கல்வரிகளின் வெட்டு உங்களுக்குப் பழக்கமானதாக இருக்கும். இலங்கையில் தமிழ் என்றால் சைவம், சிங்களம் என்றால் பௌத்தம் என்று இரண்டு பெட்டிகளைச் செய்து வைத்துக்கொண்டு எல்லோரும் சண்டை போடுகிறோம். இரண்டு பெட்டியிலும் அடங்காத ஒன்று பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர் தூரத்தில் ஆயிரம் வருடமாக நிற்கிறது.

வரலாறு படிப்பித்தவன் என்றேனே, நான் அந்த இடத்தை முதன்முதலில் பார்த்தது என் நாற்பத்தெட்டாவது வயதில். போர்க்காலத்தில் அந்தப் பாதையில் போவது நடக்கிற காரியமாக இல்லை. அதற்குப் பிறகும் போகத் தோன்றவில்லை. கூட்டிக்கொண்டு போனவர் கண்டியிலிருந்து வந்த ஒரு சிங்கள ஆசிரியர். எழுத்தை வாசிக்கத் தெரியாத அவர் இடத்தை அறிந்திருந்தார். வாசிக்கத் தெரிந்த நான் இடத்தை அறிந்திருக்கவில்லை. அவர் விரலால் காட்டக் காட்ட நான் தடவித் தடவி வாசித்தேன். ‘பெரும்பள்ளி’ என்ற சொல் வந்த இடத்தில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

இரண்டாம் நாள் அல்லது மூன்றாம் நாள் தெற்கே போங்கள். சீனக்குடாவைக் கடக்கும்போது மரங்களுக்கு நடுவே பெரிய பெரிய இரும்பு உருளைகள் தெரியும். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஆங்கிலேயர் தங்கள் கடற்படைக்காகக் கட்டத் தொடங்கிய எண்ணெய்த் தாங்கிகள். 101 இருந்தன, 99 மிச்சம். 1942 ஏப்ரல் 9-ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு போட்ட காலையை என் தாத்தா ஒவ்வொரு சித்திரை வருடப் பிறப்புக்கும் சொல்வார். ஊர் முழுக்கக் காட்டுக்குள் ஓடியதாம். உள்ளே போக அனுமதி இல்லை. வீதியிலிருந்து பார்த்தால் போதும்.

அப்புறம் கிண்ணியாப் பாலம். 396 மீற்றர், 2009-இல் திறந்தார்கள். அதற்கு முன் மேலே சொன்ன ‘பாதை’யில்தான் வண்டிகளும் ஆட்களும் கடந்தார்கள். பாலத்தைத் தாண்டி எருமைத் தயிர் வாங்குங்கள். மண்சட்டியோடு தருவார்கள்; சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. கித்துள் பாணி, அதாவது கூந்தற்பனைப் பாகு, ஊற்றிச் சாப்பிட வேண்டும். கும்பகோணத்துத் தயிரைப் பற்றி நீங்கள் ஏதாவது சொல்வதற்கு முன் இதைச் சாப்பிட்டுவிடுங்கள்.

மூதூர் வரை போனால் கொட்டியாரக் குடா. மகாவலி கங்கை கடலில் சேரும் இடம் அங்கேதான். 1659-இல் மசூலிப்பட்டினத்துப் புயலில் பாய்மரம் இழந்த ஓர் ஆங்கிலக் கப்பல் திருத்த வேலைக்காக இந்தக் குடாவுக்குள் வந்தது. கரையிறங்கியவர்களைக் கண்டி அரசனின் ஆட்கள் 1660-இல் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் றொபர்ட் நொக்ஸ் என்ற இளைஞர் பத்தொன்பது வருடம் கழித்துத் தப்பி ஓடி, 1681-இல் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் பிடிபட்டது ஒரு புளியமரத்தின் அடியில் என்று சொல்லி, அதை வெள்ளைக்காரன் மரம் என்று காட்டிவந்தார்கள். அந்த மரத்தையும் கொண்டுபோனது அதே அறுபத்துநாலாம் ஆண்டுச் சூறாவளிதான். இன்னும் தெற்கே வெருகல் முருகன் கோயில். வைகாசியில் வந்தால் தொண்டைமானாற்றுச் சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்தே போகும் அடியார்களை அந்த வழியில் சந்திக்கலாம். அந்தக் கரையில் தமிழ் கதைக்கும் வேடர்கள் வாழ்கிறார்கள். வேடர் என்றால் காடு, வில், புரியாத மொழி என்று படத்தில் பார்த்திருப்பீர்கள். இவர்கள் கடலில் மீன் பிடிக்கிறவர்கள்.

புறாமலையைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. 2003 முதல் தேசியப் பூங்கா. நிலாவெளிக் கரையிலிருந்து படகில் சில நிமிடம். பவளப்பாறை, கறுப்பு முனைத் துடுப்புள்ள சிறு சுறாக்கள், புறாக்கள். அழகுதான். ஆனால் விடுமுறை நாளில் போகாதீர்கள். ஒருமுறை சென்னையிலிருந்து வந்த மருமகனைக் கூட்டிக்கொண்டு ஒரு நீண்ட வார இறுதியில் போனேன். பேசிய கூலி ஒன்று, கரையில் கேட்ட கூலி வேறொன்று. போன இடத்திலோ முழங்கால் நீரில் ஆட்கள் பவளத்தின்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். “மாமா, மீன் எங்கே?” என்றான். எங்களைப் பார்த்து ஓடிவிட்டது என்றேன்.

அதைவிட, ஒரு காலை ஐந்தரை மணிக்கு உப்புவெளிக் கரையிலோ சாம்பல்தீவுக் கரையிலோ போய் நில்லுங்கள். கரைவலை இழுப்பார்கள். தோணியில் அரைவட்டமாக வலையை வளைத்துவிட்டு, இரண்டு கயிற்றையும் இருபது முப்பது பேர் இரண்டு அணியாகக் கரையில் நின்று இழுப்பது. சும்மா பார்த்துக்கொண்டு நிற்காமல் கயிற்றின் வால்பக்கம் போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள்; ஒருவரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அரை மணியில் உள்ளங்கை சிவந்துவிடும். மடி கரைக்கு வந்து அவிழ்த்ததும் கீரிமீனும் சூடையும் வெள்ளிக்காசு போலக் கொட்டும். இழுத்தவர்களுக்குக் கறிக்கு என்று ஒரு கை அள்ளிக் கொடுப்பது வழக்கம். உங்களுக்கும் கொடுப்பார்கள். விருந்தாளி, எனக்கு எதற்கு என்று மறுத்துவிடாதீர்கள். பை இல்லையென்றால் சாரத்து மடிப்பில், உங்கள் சொல்லில் லுங்கி மடிப்பில், வாங்கிக்கொண்டு, தங்கியிருக்கும் வீட்டு அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். மத்தியானம் இடியப்பத்துக்குச் சொதியாக வரும்.